கொங்கு நாட்டு இட்டேரிகளில் ஒரு நாள்: மண்தடம் போக முழு வழிகாட்டி

இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் உயிர்வேலி அடைத்து, மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு விட்டிருக்கும் மண்தடத்தைக் கொங்குப் பக்கம் இட்டேரி என்பார்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இவை இன்னும் கணிசமாக இருக்கின்றன. சாதாரண 100 சிசி பைக்கோ, கொஞ்சம் தடித்த டயர் போட்ட சைக்கிளோ இருந்தால் போதும், ஒரு நாளில் ஆசை தீரச் சுற்றி வரலாம்.

புதிதாக வருகிறவர்களை அழைத்துப் போனதில் ஒன்று தெரிந்தது. வண்டி ஓட்டுவதில் அவர்களுக்குப் பெரிய சிக்கல் வருவதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மழை பெய்ததா என்று பார்க்காமல் நாள் குறிக்கிறார்கள். போனை மட்டும் நம்பித் தடத்தில் இறங்குகிறார்கள். போன் காட்டுவது பாதி வழிதான். மீதியைத் தினமும் அதில் போய்வருகிறவர் சொல்ல வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. மண்ணையும் காற்றையும் பார்த்து நாளைக் குறியுங்கள்

இந்தப் பகுதிக்கு மழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான். அது ஓய்ந்து நிலம் இறுகிய பிறகு, நவம்பர் கடைசி முதல் ஜனவரி முடிய, நல்ல காலம். உயிர்வேலியாக நிற்கும் கிளுவைச் செடி பச்சையாக இருக்கும், கொழுக்கட்டைப்புல் கதிர் விட்டிருக்கும், ஓடைகளில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். பிப்ரவரிக்கு மேல் கிளுவை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். அதிலும் ஒரு லாபம் உண்டு: வேலிக்குள் இருக்கிற பறவை கண்ணுக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குள் முடித்துவிட முடிந்தால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக் கொட்டும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். புழுதி கண்ணில் விழும். சைக்கிள்காரர்கள் எதிர்க்காற்றில் மிதித்துக் களைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால் மூன்றாவது பகுதியில் சொல்கிற திசைக்கணக்கு கட்டாயம்.

அப்புறம் மண். செம்மண்ணும் சரளையும் மழை விட்டு ஒரு நல்ல வெயில் அடித்தால் தேறிவிடும். கரிசல் அப்படியில்லை. மேலே காய்ந்தது போல இருக்கும், சக்கரம் ஏறினதும் உள்ளேயிருந்து களி வரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அது அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது. இறங்கித் தள்ளவும் முடியாது. சந்தேகமாக இருந்தால் தடத்து ஓரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் போகலாம். கயிறு போலத் திரண்டால் அன்றைக்குத் தார்ச்சாலையோடு திரும்புங்கள்.

2. வீட்டில் உட்கார்ந்து தடத்தைத் தேடுங்கள்

செயற்கைக்கோள் படத்தில் இட்டேரியைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. கரும்பச்சைக் கோடு இரண்டு இணையாக ஓடும், நடுவே வெளிறிய பட்டை ஒன்று தெரியும். ஒரே ஒரு கோடு என்றால் அது வெறும் வேலி. வளைந்து வளைந்து அகலம் மாறிக்கொண்டே போனால் ஓடை. புதியவர்கள் ஓடையைத் தடம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவதாக, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைப் பாருங்கள். வண்டிப்பாதையும் ஒற்றையடிப்பாதையும் தனித்தனிக் குறியோடு இருக்கும். அந்தத் துறையின் இணையதளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், இரண்டிலும் இருக்கும் தடம் பல காலமாகப் பொதுவழியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். செயற்கைக்கோள் படத்தில் மட்டும் தெரிவது யாரோ ஒருவர் தன் தோட்டத்துக்குள் போட்டுக்கொண்ட சொந்த வழியாக இருக்கலாம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்குப் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் சுற்றுக்கு அவ்வளவு தேவையில்லை.

தேர்ந்த தடங்களை ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற இணையமில்லாமல் வேலை செய்யும் ஆப்பில் குறித்துவையுங்கள். பள்ளப் பகுதிகளில் சிக்னல் போய்விடும்.

பவானிசாகர், சத்தியமங்கலம், ஆனைமலைப் பக்கம் இருக்கும் காப்புக்காட்டு மண்பாதைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது குற்றம். யானை வேறு.

3. துண்டு துண்டாகச் சுற்று போடுங்கள்

நீளமான ஒரே மண்தடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பத்து கிலோமீட்டர் போன பிறகு வழி அடைத்திருந்தால், அதே பத்து கிலோமீட்டர் திரும்ப வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மண் துண்டும் இரண்டு தார்ச்சாலைகளுக்கு நடுவே மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் முடிகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு வாய்க்காவிட்டால் அடுத்ததற்குத் தார் வழியாகப் போய்விடலாம். காங்கேயத்தையும் வெள்ளகோவிலையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 81-க்குத் தெற்கே ஊர்ச்சாலைகள் நெருக்கமாக இருப்பதால் இப்படிக் கோப்பது சுலபம்.

முதல் முறைக்கு மொத்தம் 40 கிலோமீட்டர், அதில் மண் 15 கிலோமீட்டர் என்று வைத்தால் தாராளம். மண்ணில் மணிக்கு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். நின்று பார்க்கிற நேரம் தனி.

திசை முக்கியம். காலையில் மேற்கு நோக்கிப் போங்கள், மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புங்கள். இரண்டு வேளையும் வெயில் முதுகில் இருக்கும். தாழ்ந்த வெயில் எதிரே அடித்தால் தடத்தில் இருக்கும் பள்ளமும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. காற்றடிக்கும் மாதங்களிலும் இதே திசைதான் பொருந்தும்: காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்போது எதிர்த்துப் போய்விடலாம், பிற்பகலில் அது வலுக்கும்போது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இட்டேரி கொஞ்சம் பயமாக இருந்தால் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஆரம்பிக்கலாம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால். வழி தவறவே முடியாது. ஆனால் தண்ணீர் விட்டிருக்கும் காலத்தில் கரை ஓரம் ஒட்டி ஓட்டாதீர்கள். ஈரம் ஊறிய விளிம்பு இடியும், சரிவில் ஏறி வரப் பிடிமானமும் இருக்காது.

4. வண்டியைத் தயார் செய்யுங்கள்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். டயரில் பட்டன் தேயாமல் இருக்க வேண்டும், பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும், செயின் தொய்வு சரியாக இருக்க வேண்டும். ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். குலுக்கலில் ஸ்டாண்டு தானாக இறங்கி வேரில் மாட்டும்.

டயர் காற்றை வழக்கத்தைவிட மூன்று, நான்கு பிஎஸ்ஐ குறைத்தால் சரளையில் துள்ளாது. அதற்கு மேல் இறக்காதீர்கள். டியூப் டயரில் காற்று ரொம்பக் குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. திரும்பி நெடுஞ்சாலை ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும், ஆகவே கைப்பம்பு பையில் இருக்கட்டும்.

சைக்கிள் என்றால் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். மெல்லிய டயர் சைக்கிளில் வருகிறவரை நான் ஊர்ச்சாலையோடு நிறுத்திவிடுவேன். நெருஞ்சி முள் அவரை விடாது.

5. பையில் வைப்பவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஸ்பேர் டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு. முள் பிடுங்க ஒரு சின்ன இடுக்கி. களி சுரண்ட ஒரு தட்டையான குச்சி. துண்டு ஒன்று. முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். வேலி இரண்டு பக்கமும் உரசும் இடங்கள் வரும், கள்ளிப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

சில்லறைப் பணம் வையுங்கள். ஊருக்குள் டீக்கடையில் போன்பே ஸ்டிக்கர் இருக்கும், நெட்வொர்க் இருக்காது.

6. தடத்தில் இறங்குமுன் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

கேட்க ஏற்ற இடம் பால் சொசைட்டி. காலை ஆறு மணிக்கு மேலும் மாலை நாலு மணிக்கு மேலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் பால் ஊற்ற வருவார்கள். நீங்கள் போக நினைக்கிற தடத்தில் குடியிருப்பவரே அங்கே நிற்கலாம். முகம் பார்த்துப் பேசிவிட்டால், பிறகு உங்களைத் தோட்டத்து ஓரத்தில் பார்க்கும்போது யாரோ என்று சந்தேகப்பட மாட்டார்கள். வெளியூர் ஆள் வேலி ஓரமாக மெதுவாகப் போனால் இடம் பார்க்க வந்த புரோக்கர் என்றோ, ஆடு திருட வந்தவன் என்றோ நினைப்பது அவர்கள் பக்கம் நியாயம்தான்.

கேட்கும் முறையும் இருக்கிறது. "ஏனுங்கண்ணா, இந்த இட்டேரியில போலாமுங்களா?" என்று கேட்டால் "போலாம் போலாம்" என்றுதான் பதில் வரும். நடந்து போகலாம் என்ற அர்த்தத்தில் அவர் சொல்லியிருப்பார். இப்படிக் கேளுங்கள்:

"ஏனுங்கண்ணா, இதுல பால்காரர் வண்டி போகுதுங்களா?"

இரண்டு கேன் கட்டிய பால்காரர் வண்டி போகிற இடத்தில் உங்கள் வண்டியும் போகும். "அவரு இப்பல்லாம் தார் ரோட்டுலதானுங்க சுத்திப் போறாரு" என்றால், தடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. அடுத்த துண்டுக்குப் போங்கள். பெரியவராக இருந்தால் அய்யா, நடுவயதுப் பெண்ணாக இருந்தால் அக்கா. பேச்சில் அந்த "ங்க" விட்டுப்போகக் கூடாது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்.

பதில் திசையில்தான் வரும். "கொஞ்சம் வடக்கால போயி, பெரிய வேப்பமரத்துக்கிட்ட மேக்கால திரும்புங்க" என்பார்கள். இடது, வலது என்று சொல்வது குறைவு. கேட்பதற்கு முன்பே கிழக்கு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: நடுவில் படல் (வழியை அடைக்க முள்ளால் கட்டிய தட்டி) உண்டா, தடத்து ஓரத்தில் கிணறு உண்டா.

7. தடத்தில் ஓட்டுவது

இரண்டு சக்கரத் தடம், நடுவே புல் முளைத்த மேடு. ஏதாவது ஒரு தடத்தைப் பிடித்து அதிலேயே போங்கள். புல்மேட்டில் ஏறி ஓட்டத் தோன்றும், மெத்தென்று தெரியும். அதற்குள் கல் கிடக்கும், அறுத்த வேலியின் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். தடம் மாறியே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் குறுக்காக ஏறி இறங்குங்கள். ஓரமாகச் சாய்த்து ஏற்றினால் முன்சக்கரம் மேட்டின் விளிம்பிலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது கியர், சீரான ஆக்சிலேட்டர். சரளையில் முன்பிரேக்கைப் பிடித்து இழுப்பதுதான் விழுவதற்குச் சுலபமான வழி. பின்பிரேக்கும் எஞ்சின் பிடியும் போதும்.

ஓடை குறுக்கிட்டால் முதலில் இறங்கி நடந்து கடந்து பாருங்கள். உங்கள் கால் கணுக்கால் வரை மணலில் புதைந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். தடத்தின் குறுக்கே சொட்டுநீர்க் குழாயோ பிவிசி பைப்போ கிடந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். வெயிலில் காய்ந்த பைப் சட்டென்று விரியும். முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டவையுங்கள், அல்லது பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்டு நகர்த்திக்கொள்ளுங்கள்.

கிணறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தடத்தை ஒட்டியே வாய் திறந்து கிடக்கும், விளிம்பில் புதர் மண்டியிருக்கும். வளைவில் வேகம் கூடாது, போட்டோ எடுக்கப் பின்னாலேயே நடக்கக் கூடாது, இருட்டிய பிறகு மண்தடத்தில் இருக்கவே கூடாது.

8. படல், மாடு, நாய்

தடம் முடிகிற இடத்திலோ கொறங்காட்டு வாயிலிலோ முள்ளால் கட்டிய படல் சாத்தியிருக்கும். கொறங்காடு என்பது கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் விட்ட மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் அதில் ஆள் காவல் இல்லாமல் மேயும். வேலியும் படலும்தான் அங்கே காவல்காரர். அதனால் பொதுவழியில் இருந்தால்கூட, சாத்தியிருந்த படலைத் திறந்தால் உடனே சாத்துங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். பின்னால் வருகிறவர் சாத்துவார் என்று விட்டுப்போகிற இடைவெளியில் பக்கத்துச் சோளக்காட்டில் மாடு இறங்கியிருக்கும். கொறங்காட்டுக்குள் நுழைய உரியவரின் சம்மதம் வேண்டும்.

எதிரே மாடோ ஆட்டு மந்தையோ வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹார்ன் அடித்தால் வேலிக்கு நடுவே ஒதுங்க இடம் இல்லாமல் அவை திரும்பி ஓடும், மேய்ப்பவர் அரை கிலோமீட்டர் துரத்த வேண்டியிருக்கும்.

தோட்டத்து நாய்க்கு எல்லை தெரியும். வேகமெடுத்தால் துரத்தும். நின்று இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்து "ஏனுங்க" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். ஆள் குரல் கேட்டதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

9. நின்று பாருங்கள்

ஓட்டிக்கொண்டே பார்த்தால் எல்லா இட்டேரியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு இடத்திலாவது எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சலசலத்துக்கொண்டு வேலிக்கு வேலி தாவும், கீரி தடத்தைக் குறுக்கே கடக்கும், கவுதாரி எங்கேயோ கத்தும். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருந்தால் அது பறக்கிறவரை காத்திருங்கள். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கிற பறவை, சிறகு விரித்ததும் அப்படி ஒரு நீலம்.

வேலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளுவை மட்டும் இருக்காது. அதன் மேல் நாலு பட்டைத் தண்டோடு பிரண்டை, சிவந்த பழத்தோடு கோவை, முடக்கத்தான், சில இடங்களில் காய் வெடித்துச் சிவப்பும் கருப்புமாகக் குன்றிமணி. கிளுவை இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு வாசம் வரும். குன்றிமணியைத் தொட்டுப் பார்க்கலாம், குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொடிய விஷம். செங்காந்தள் பூத்திருந்தால் அதுவும் அப்படித்தான், கிழங்கு முதல் விதை வரை விஷம். மூலனூர்ப் பக்கம் விதைக்காக அதைப் பயிரே செய்கிறார்கள், எனவே யாருடைய காட்டுக்குள்ளும் போய்ப் பூப்பறிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் காலைச் சுற்றைப் பழையகோட்டை மாட்டுத்தாவணியோடு (மாட்டுச் சந்தை) சேர்த்துக்கொள்ளலாம். கொறங்காட்டில் தூரத்தில் பார்த்த மாட்டை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதற்காக இட்டேரியின் காலை நேரத்தை இழப்பதா என்று கேட்டால், நான் இட்டேரியைத்தான் எடுப்பேன்.

10. முள்

முள் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேலியைச் சமீபத்தில் வெட்டிச் சரிசெய்த இடம் ஒன்று. இன்னொன்று, பார்க்க மிக அழகாக நிழல் விரித்திருக்கும் வெள்வேல மரத்தடி. ஆட்டுக்காரர்கள் தொரட்டியால் கிளையை இழுத்து ஒடித்துப் போடுவது அங்கேதான். ஆடு இலையைத் தின்றுவிடும், முள் தரையில் கிடக்கும். புதியவர்கள் நேராக வண்டியைக் கொண்டுபோய் அந்த நிழலில்தான் நிறுத்துவார்கள். வண்டியைத் தடத்திலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் நிழலுக்குப் போங்கள், செருப்பில்லாமல் போகாதீர்கள்.

டியூப்லெஸ் டயரில் முள் ஏறியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றைச் சரிபார்த்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சேரலாம். டியூப் டயர் என்றால் ஓட்ட ஓட்ட முள் இன்னும் நாலு இடத்தில் குத்தும், அங்கேயே நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். புது டியூப் போடுமுன் டயரின் உட்புறம் முழுக்கத் துண்டால் ஒரு சுற்று துடையுங்கள். ஒடிந்த முள்முனை துணியில் மாட்டும். விரலால் தேடினால் விரலில் மாட்டும். இதைச் செய்யாமல் அவசரமாகப் புது டியூப் போட்டவர்கள் அரை கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

11. திரும்புவது

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நாலரைக்கு மேல் புதிதாக எந்த மண் துண்டிலும் இறங்காதீர்கள். கடைசித் துண்டு, காலையில் ஒருமுறை போன தடமாக இருந்தால் இன்னும் நல்லது.

தார்ச்சாலை ஏறியதும் டயருக்குக் காற்று நிரப்புங்கள். சாக்ஸிலும் பேண்டிலும் ஒட்டியிருக்கும் புல்விதையை அங்கேயே தட்டிவிடுங்கள். பார்த்தீனியக் களை மண்டிய இடத்தில் ஓட்டியிருந்தால், வீட்டுக்குப் போகும் வழியில் டயர்ச் சேற்றைக் கழுவிவிடுங்கள். அடுத்த ஊர் இட்டேரிக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், செம்மண் தூசு எண்ணெயோடு சேர்ந்தால் பல்சக்கரத்தை அரம் போல அராவும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு டயரையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். சில முள் ராத்திரி முழுக்கக் காற்றை இறக்கிவிட்டுத்தான் தான் இருப்பதைக் காட்டும்.